பிரேம் கடை அக்காவின் கழுத்து

திங்கட்கிழமை காலை பல் துலக்கிவிட்டு நிமிர்ந்தபோது பிரேம் கடை அக்காவின் கழுத்து பாதியிலேயே நின்றுவிட்டது. வலப்பக்கம் கொஞ்சம் திரும்பிய வாக்கில், யாரையோ சந்தேகப்பட்டுப் பார்ப்பது போல நின்றது. இடப்பக்கம் திருப்பிப் பார்த்தாள். உயிர் போய் உயிர் வந்தது. "ஐயோ!" என்று வாய்விட்டுக் கத்தினாள். வீட்டுக்காரர் அடுத்த அறையில்தான் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அவர் வரவில்லை. அவருடைய இடது காது கதவுப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

அந்த இடது காதைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கழுத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரம் கடுங்காய்ச்சல் வந்து, போகிற போக்கில் அந்தக் காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. காது டாக்டரிடம் தனியாகப் போய்விட்டு வந்தவர், "ஒண்ணும் இல்லையாம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். ஒன்றும் இல்லையா? இரண்டே நாளில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூடவே குடித்தனம் நடத்துகிறவளிடம் காதை ஒளிக்க முடியுமா? ஆனால் தெரிந்ததாக அவள் காட்டிக்கொள்ளவில்லை. மனுஷன் மறைக்கிறார் என்றால் அவருக்கு அது அவமானமாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

விட்டதன் பலன் கடையில் தெரிந்தது. படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கிற கடை. தெருவைப் பார்த்தபடி நீளமாக ஒரு வேலை மேசை. வலப்பக்கச் சுவரில் கண்ணாடித் தகடுகள் செருகி வைக்கும் மரத் தாங்கி. அதனால் கண்ணாடி வெட்டுகிற அவர் மேசையின் வலக்கோடியில் நிற்பார். சட்டத்தை மூலை சேர்த்து ஆணி அடிக்கிற அவள் அவருக்கு இடப்பக்கம். அதாவது கேட்காத காதுப் பக்கம். வாடிக்கையாளர் வந்து வாய்க்குள்ளேயே அளவைச் சொல்லிவிட்டுப் போவார். அதை அவள்தான் மறுபடி சொல்ல வேண்டும். இரண்டு கையும் சட்டத்தைப் பிடித்திருக்கும். எனவே தலையை மட்டும் அவர் முகத்துக்கு முன்னால் நீட்டி, வலப்பக்கம் திருப்பி, நல்ல காதில் விழுகிற மாதிரி சொல்வாள். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை என்று வைத்துக்கொண்டாலும் பதினோரு வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரும்புக் கீல் கூட இத்தனை நாள் தாங்காது.

கழுத்து பிடித்துக்கொண்ட செய்தி கடைத்தெருவில் பரவியதும் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். சும்மா சொல்லக் கூடாது, வைத்தியம் சொல்வதில் நம் ஆட்களை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. நாத்தனார் போனில் கூப்பிட்டு, "எல்லாம் அந்தப் போனை நோண்டுறதால வர்றது அண்ணி" என்றாள். சொன்னவள் ஒரு மணி நேரம் போனை வைக்கவில்லை. தலையணையை மாற்றச் சொன்னார் ஒருவர், தலையணையே வேண்டாம் என்றார் இன்னொருவர். பக்கத்துக் கடைச் சாவிக்காரர் நேரிலேயே வந்துவிட்டார்.

"அண்ணி, அப்படியே உக்காருங்க. தாடையில ஒரு கை, பின்மண்டையில ஒரு கை. ஒரே திருப்பு. சடக்குனு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்."

"சத்தம் என் கழுத்துல வருமா, உங்க முதுகுலயா?" என்றாள் அவள். "பூட்டுக்கும் கழுத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு. போய் உங்க வேலையப் பாருங்க."

சாவிக்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் மத்தியானம் அவள் விரலிலிருந்து ஆணி நழுவி விழுந்தது. எடுத்தாள், மறுபடி விழுந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துக் கிடந்தன. ஆணி பிடிக்க முடியாத கையை வைத்துக்கொண்டு அந்த மேசையில் அவளுக்கு என்ன வேலை?

மறுநாள் வீட்டுக்காரரே அவளை பிசியோதெரபிக்கு அழைத்துப் போனார். அங்கே வைத்தியம் பார்த்தது சின்னப் பெண்தான், ஆனால் கை பதமான கை. கழுத்தைத் தொட்ட உடனே எங்கே முடிச்சு என்று கண்டுபிடித்துவிட்டாள். வீட்டுக்காரர் மூலையில் நாற்காலி போட்டு, மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எந்தப் பக்கம் அதிகமா திரும்புவீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வலது பக்கம்."

"எதுக்கு?"

அவள் வாயைத் திறந்தாள். மூலையில் கைப்பை மடியோடு உட்கார்ந்திருந்த ஆள் கண்ணில் பட்டார். சின்ன அறை, சத்தமில்லாத அறை. எல்லாம் அவருக்குக் கேட்கும்.

"டிவி" என்றாள். "எங்க வீட்டு டிவி வலது மூலையில இருக்கு."

"அவ்வளவு பார்ப்பீங்களா?"

"விட மாட்டேன். எது போட்டாலும் பார்ப்பேன்."

புளுகு என்றால் அண்டப் புளுகு. சாப்பிடும்போது பத்து நிமிஷம் செய்தி பார்ப்பாள், அதுவும் தட்டைப் பார்த்தபடி. அந்தப் பெண் தலையாட்டிவிட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். கழுத்துக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துப் படுக்கச் சொன்னாள். தாடையை உள்ளே இழுத்து, மெதுவாக, வலிக்கிற இடம் வரைக்கும் மட்டும் இடப்பக்கம் திருப்பச் சொல்லிக்கொடுத்தாள். யாராவது சொடக்கெடுத்து விடுகிறேன் என்று வந்தால் கிட்டவே சேர்க்கக் கூடாது என்றாள். கடைசியாக, "ஆனா ஒண்ணு. நான் என்ன பண்ணினாலும், நீங்க அந்தப் பக்கம் திரும்புறதை நிறுத்தலைன்னா பிரயோஜனம் இல்ல. விரல் வேற மரக்குதுங்கிறீங்க. ரெண்டு வாரத்துல குறையலைன்னா கை வேலையை விட்டுட வேண்டியதுதான்" என்றாள்.

அவள் நிறுத்தித்தான் பார்த்தாள். புதன்கிழமை முழுக்க வலப்பக்கம் திரும்பவில்லை. சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி மேசையில் தள்ளினாள். மாலை ஒரு உயரமான அம்மாள் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தார். அவர் சொன்ன அளவுக்கு வீட்டுக்காரர் கண்ணாடியில் கோடு போட ஆரம்பித்தபோது, அந்த அம்மாள் இடப்பக்கம் நின்று, "இருங்க இருங்க, கொஞ்சம் பெரிசாவே போட்டுடலாம்" என்றார். கண்ணாடி கீறும் சத்தத்தில் அது அவருக்கு விழவில்லை, கட்டர் நிற்கவில்லை. "இருங்கன்னு சொல்றேன்ல!" அவள் சீட்டைத் தேடினாள், பேனா கீழே உருண்டது. அதற்குள் கண்ணாடி இரண்டாகிவிட்டது.

"சொல்லச் சொல்ல வெட்டுறாரு பாருங்க. என்ன திமிரு!" என்றார் அந்த அம்மாள். அது வீட்டுக்காரருக்குக் கேட்டது. கோபத்தில் சொன்னது உரக்கத்தானே வரும். அவர் உடைந்த தகட்டை ஓரமாக வைத்துவிட்டு, "திங்கக்கிழமை வாங்க, புதுசா வெட்டி வைக்கிறேன்" என்றார். முகம் கழுத்து வரைக்கும் சிவந்துபோயிருந்தது. செவிடன் என்று பெயர் வாங்குவதைவிட திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்குவது மேல் என்று நினைக்கிற மனுஷன். அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்த பிறகு அவளால் முடியவில்லை. கழுத்து போனால் போகட்டும் என்று வியாழக்கிழமை காலையிலிருந்து மறுபடி தலையை நீட்டித் திருப்ப ஆரம்பித்துவிட்டாள். பைத்தியக்காரி! வெள்ளிக்கிழமை ஆணி ஏழு தடவை விழுந்தது.

இதற்கிடையில் வீட்டுக்காரர் அந்த டிவி கதையை அப்படியே நம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாவிக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்து, வலது மூலையில் இருந்த டிவியைப் பெயர்த்து, சோபாவுக்கு நேர் எதிர்ச்சுவரில் மாட்டினார். சுவரில் நாலு ஓட்டை தப்பாகப் போய் ஐந்தாவது ஓட்டைதான் சரியாக வந்தது. தூசி படிந்த தலையோடு நின்று, "இப்ப நேரா பாரு. கழுத்த அசைக்கவே வேணாம்" என்றார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "நல்லா இருக்குங்க" என்றாள்.

சாயந்திரம் இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். வழக்கம் போல அவர் வலக்கோடி, அவள் அவருக்கு இடப்பக்கம். டிவியை இன்னும் போடவில்லை. மாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. அவள் பழக்கத்தில் தலையை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டி, வலப்பக்கம் திருப்பி, "மோட்டார ஆஃப் பண்ணீங்களா?" என்றாள். சுரீரென்றது. கை தானாகக் கழுத்துக்குப் போனது.

அவர் அவள் கையைப் பார்த்தார். நேர் எதிரே கறுப்பாகத் தொங்கிய டிவியைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினார். திரும்பி வந்தவர் டிவியைப் போடாமலே உள்ளே போய்விட்டார். காது விஷயம் தனக்குத் தெரியும் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று அவளுக்குப் பகீரென்றது. இத்தனை வருஷம் காப்பாற்றியது இப்படிப் போய்விட்டதே, மனுஷன் நொந்துபோவாரே என்றுதான் நினைத்தாளே தவிர, தன் கழுத்தைப் பற்றி நினைக்கவில்லை.

திங்கட்கிழமை அவளுக்கு முன்பாகவே அவர் கடைக்குப் போய்விட்டார். அவள் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடித் தகடுகள் எல்லாம் தரையில் பழைய போர்வை மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவர் ஸ்டூலில் ஏறி நின்று மரத் தாங்கியை வலப்பக்கச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். சாவிக்காரர் கீழே தாங்கிப் பிடித்திருந்தார். அந்த நேரம் பார்த்து உயரமான அம்மாளும் படத்துக்காக வந்து நின்றார்.

"என்ன, கடையைக் காலி பண்றீங்களா?" என்றார் அந்த அம்மாள்.

"இல்லைங்க, இந்தப் பக்கம் வெளிச்சம் பத்தல, அதான்" என்று அவள் முந்திக்கொண்டாள். புளுகில்தான் அவளுக்குக் கை பழகிவிட்டதே.

"வெளிச்சத்துக்கு என்ன கேடு?" என்றார் அவர் ஸ்டூலிலிருந்து இறங்கியபடி. அந்த அம்மாளுக்கு நேராகப் போய் நின்றார். "எனக்கு இடது காது கேக்காதுங்க. சுத்தமா கேக்காது. அன்னிக்கு நீங்க நிறுத்தச் சொன்னது என் காதுல விழல. திமிரு இல்லைங்க."

அந்த அம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, தெரியாம வாய விட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"தெரியாட்டி என்ன செய்வீங்க? இனிமே இந்தப் பக்கமா நின்னு சொல்லுங்க" என்று வலது காதைத் தொட்டுக் காட்டினார்.

சாவிக்காரர் தாங்கியைப் பிடித்தபடியே, "எனக்கு அப்பவே தெரியும்ணே. நீங்களா சொல்லாதத நான் எப்படிக் கேக்குறது?" என்றார். வீட்டுக்காரர் அவரை முறைத்தார், பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தெருவே தெரிந்துவைத்திருக்கிற ரகசியத்தைக் கட்டிக்காக்கத்தான் இத்தனை பாடு.

பத்து மணிக்கெல்லாம் தாங்கி இடப்பக்கச் சுவருக்குப் போய்விட்டது. அவர் இடக்கோடியில் நின்றார், அவள் அவருக்கு வலப்பக்கம். சாயந்திரம் வந்து படத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அந்த அம்மாளும், பின்னாலேயே சாவிக்காரரும் போன பிறகு அவள் கேட்டாள். தலையைத் திருப்பவில்லை, கையில் இருந்த சட்டத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். மொத வாரத்துலயே தெரியும்" என்றார் அவர். "ஒருத்தி திடீர்னு வலது காதுக்கு வந்து வந்து பேசுனா புரியாதா? நீ கேக்கல, நானும் அப்படியே விட்டுட்டேன். ஆனா உன் கழுத்துல போய் முடியும்னு தெரியலம்மா. சத்தியமா தெரியல."

அவர் கல்யாணப் படத்துக்குக் கண்ணாடியை அளந்துகொண்டே இன்னொன்றும் சொன்னார்.

"நீ அளவ மட்டும்தான் சொல்லுவ. அளவு, ஆளு வந்தாச்சு, மோட்டாரு. வேற ஒண்ணும் பேச மாட்ட. என்கிட்ட பேச ஒண்ணுமில்லாமப் போச்சுன்னு நெனச்சேன்."

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். உண்மைதான். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு திருப்பு வேண்டியிருந்ததால், திருப்பும் அளவுக்குத் தேவையானதை மட்டும் சொல்லப் பழகியிருந்தாள். மற்றவையெல்லாம் வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கின்றன. காது நன்றாக இருந்த காலத்தில் கடைக்கு வருகிற ஒவ்வொரு படத்தையும் பார்த்து இருவரும் வாய் ஓயாமல் பேசுவார்கள். அதில் இருப்பவர் யார், எதற்காக முறைக்கிறார், யாருக்கு யார் மேல் கோபம் என்றெல்லாம் கதை கட்டுவார்கள். அது எப்போது நின்றது என்று அவளுக்கே நினைவில்லை.

"பேசு" என்றார் அவர்.

"என்னத்தப் பேசுறது?"

"என்னமாச்சும்."

அவள் கல்யாணப் படத்தைப் பார்த்தாள். கழுத்து வலிக்கத்தான் செய்தது. இன்னும் இரண்டு மூன்று வாரம் ஒத்தடமும் துண்டுச் சுருளும் இருக்கின்றன. ஆனால் குரலை உயர்த்தாமல், எங்கேயும் திரும்பாமல், நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்.

"மாப்பிள்ளை சட்டைப் பொத்தான மாத்திப் போட்டிருக்காரு. பக்கத்துல நிக்கிற மாமியாரு அதத்தான் பார்த்துக்கிட்டு இருக்காங்க."

அவர் கண்ணாடியை வைத்துவிட்டுப் படத்தின் மேல் குனிந்தார். பார்த்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அப்புறம்?" என்றார்.