திருத்திய ரிப்போர்ட்

மாமரம் அறுக்கும் மெஷினின் சத்தத்தில் போனில் யார் பேசுகிறார்கள் என்றே பினுவுக்குக் கேட்கவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு தொழுவத்தின் பின்பக்கம் போனான். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியின் ஜீன் பரிசோதனைப் பிரிவிலிருந்து ஒரு பெண் மலையாளத்தில் பேசினாள். சரோஜத்திடம் பேச முடியுமா என்று கேட்டாள்.

பினுவின் அம்மா சரோஜத்தைக் காலை ஆறு மணியிலிருந்து முன்னறையில் கிடத்தியிருந்தது. வெளியே வெட்டிக்கொண்டிருந்த மரம் அவள் சிதைக்குத்தான். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், நான் மகன்தான், என்னிடம் சொல்லுங்கள் என்றான்.

நல்ல செய்தி என்றாள் அந்தப் பெண். ஏழு வருடம் முன்பு சரோஜத்தின் ரத்தத்திலும் மகளின் ரத்தத்திலும் ஒரு ஜீனில் மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்து, சினைப்பையில் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள் அல்லவா. அன்று ஒப்பிட்டுப் பார்க்க இருந்ததெல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்களின் ரத்தம். இப்போது நம் பக்கத்து ஆட்கள் ஆயிரக்கணக்கானவர்களின் ஜீன்களைப் படித்துப் பார்த்தாயிற்று. எண்பது வயதுவரை நோய் எட்டிப் பார்க்காத பலருக்கும் அதே மாற்றம் இருக்கிறது. அதனால் ஒரு தீங்கும் இல்லை. திருத்திய ரிப்போர்ட்டை அனுப்புகிறோம், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

சொல்கிறேன் என்றான். நன்றி வேறு சொன்னான்.

முற்றத்தில் நின்ற தன் மகள் அஞ்சுவைப் பார்த்ததும் முதலில் வந்தது சந்தோஷம்தான். இனி அவளுக்கு அந்தப் பரிசோதனையே வேண்டாம். செத்த வீட்டில் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கம் அடங்குமுன் தங்கை சிஜியின் நினைவு வந்தது.

பனச்சமூட்டில் மருந்துக்கடை வைத்திருப்பவன் பினு. சளிக்கும் காய்ச்சலுக்கும் ஊரே அவனிடம்தான் கேட்கும். வீட்டில் கேட்காமல் இருப்பார்களா. சித்தி அந்த நோயில் எலும்பாகிச் செத்ததை அம்மா மறக்கவே இல்லை. ரிப்போர்ட் வந்தபோது சிஜிக்கு முப்பத்துநாலு வயது, கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை. ஒரு வருடம் பொறுக்கலாமா என்று கேட்டாள். டாக்டர்கூட யோசித்துச் சொல்லுங்கள் என்றுதான் சொன்னார். பினுதான் அவசரப்பட்டான். ரிப்போர்ட்டில் வரிக்கு வரி பேனாவால் கோடு போட்டுக் காட்டி, காரில் ஏற்றிக் கொண்டுபோய், சினைப்பைகளை எடுக்கவைத்தான்.

அன்றிலிருந்து சிஜி வரும்போதெல்லாம் அம்மா அஞ்சுவை மடியிலிருந்து இறக்கிவிடுவாள். எனக்க ரத்தம் ஆக்கும் உனக்குக் கேடு செய்தது என்று மகளிடம் சொல்லிச் சொல்லி அழுவாள். பிள்ளை பிறக்காதது ஆபரேஷனால் என்று அவளுக்கு விளங்கவே இல்லை. கடைசியில் பயந்த நோய் வராமலே, இதயம் தளர்ந்து போய்விட்டாள்.

அம்மாவின் ரத்தம் நல்ல ரத்தம். அது நல்லதுதான். அப்படியானால் சிஜிக்குச் செய்தது என்ன? மருந்தைத் தப்பாகக் கொடுத்தால் மாற்றுமருந்து கொடுக்கலாம். இதற்கு எதைக் கொடுப்பது? இன்று சொல்வதா, சாம்பல் ஆறிய பிறகு சொல்வதா, சொல்லாமலே விட்டால் பாவமா, ஒன்றும் பிடிபடவில்லை.

சிஜி சமையல்கட்டில், அம்மாவைக் குளிப்பாட்டுவதற்கு மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள். பினு பக்கத்தில் போய் நின்றான்.

"ஆஸ்பத்திரியில இருந்து விளிச்சாவ," என்றான்.

சிஜி கையை நிறுத்தவில்லை. "எனக்குப் போன மாசமே விளிச்சாச்சு அண்ணா."

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். ஒரு மாதமாக ஞாயிறுதோறும் வந்து, அவன் வீட்டுச் சாயாவைக் குடித்து, சிரித்துப் பேசிவிட்டுப் போயிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்க அவனுக்கு என்ன யோக்கியதை. அம்மாவிடமாவது சொன்னாயா என்று கேட்டான்.

"பாதி சொன்னேன். உனக்க ரத்தத்துல ஒரு கேடும் இல்லம்மா, டாக்டர்மாருக்குத்தான் பிசகிப் போச்சுன்னு."

"அம்மை என்ன சொன்னா?"

சிஜி மஞ்சளை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள். "கொஞ்ச நேரம் எனக்க மூஞ்சியையே பாத்துட்டு இருந்தா. பெறவு, அப்போ இனி உனக்குப் பிள்ளை பிறக்கும் இல்லியா மக்கான்னு கேட்டா."

"நீ?"

"பிறக்கும்னு சொன்னேன்."

மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தான் பினு. தண்ணீர் சூடாகிவிட்டதா என்று கேட்டான். ஆயிட்டு என்றாள் சிஜி.

குளிப்பாட்டி, கோடி போட்டு, தூக்கும் நேரம் வந்தது. பேரப்பிள்ளைகள் பிடிக்க வேண்டிய நெய்ப்பந்தங்களோடு அம்மாவின் தம்பி வேலாயுதன் மாமா வந்தார். ஒன்றைக் கொளுத்தி அஞ்சுவின் கையில் கொடுத்தார். இன்னொன்றை வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"எலே பினு, போன வாரம் அக்கா என்னைய விளிச்சு, நான் செத்தா எனக்கு ரெண்டு பந்தம் சுத்தணும்னு சொன்னா. ஒண்ணு சிஜிக்க பிள்ளைக்காம். புத்தி மாறிச் சொன்னதாக்கும்னு விட்டிருக்கலாம், மனசு கேக்கல்ல. இதை யாருக்க கையில குடுக்க மக்கா?"

முற்றத்தில் நின்ற எல்லோரும் பினுவைப் பார்த்தார்கள். விவரம் தெரிந்தவன் அவன்தானே.

சிஜி பெண்களுக்கு நடுவிலிருந்து முன்னால் வந்து பந்தத்தை வாங்கினாள். துணி நெய்யில் நன்றாக நனைந்திருக்கிறதா என்று ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து, அஞ்சுவின் பந்தத்தில் காட்டி அதைப் பற்றவைத்துக்கொண்டாள்.