ஏழு நாள் என்றால் எத்தனை நாள்

1

இந்தக் கதை நானாக யோசித்தது இல்லை. கேட்டு வாங்கப்பட்ட சரக்கு. என் அக்கா மகள் மாளவிகா இங்கே திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறாள். போன மாதம் சாலைத் தெருவில் என் பாத்திரக் கடைக்கு வந்தவள், கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் மேல் உட்கார்ந்துகொண்டு, "மாமா, எனக்கு ஒரு கதை வேணும்" என்றாள்.

மனிதச் சிந்தனை காலப்போக்கில் மூன்று படி ஏறுகிறது என்று இருநூறு வருஷத்துக்கு முன்னால் பிரான்ஸில் ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். முதல் படியில் எல்லாவற்றுக்கும் சாமி காரணம். இரண்டாம் படியில் சாமியை இறக்கிவிட்டு அந்த இடத்தில் கண்ணால் பார்க்க முடியாத ஏதோ ஒரு சக்தியை, ஒரு பெரிய சொல்லை, உட்கார வைக்கிறோம். மூன்றாம் படியில்தான் அளந்து பார்க்கிறோம், எண்ணிப் பார்க்கிறோம், அதற்கு அறிவியல் என்று பெயர்.

"பிள்ளைங்களுக்கு மண்டையில ஏற மாட்டேங்குது. ஒரே ஆளு மூணு படியும் ஏறுற மாதிரி எழுதிக் குடுங்க. பத்துப் பக்கம்."

"நாலு" என்றேன்.

"எட்டு."

"படியே மூணுதானே மோளே. அஞ்சு."

ஐந்தில் முடிந்தது.*

*எங்கள் வளர்ப்பு அப்படி. யாராவது மணி பத்து என்று சொன்னால் என் அப்பா, "ஒம்பதே முக்கால் இருக்குமே" என்பார். முதலில் சொல்லப்படும் எந்த எண்ணும் உண்மையான எண் இல்லை என்பதுதான் எங்கள் வீட்டில் நாங்கள் படித்த முதல் பாடம்.

2

தொடக்கங்கள்:

"செல்வமணி அன்று காலையில் கடவுளை நம்பிக்கொண்டிருந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு—" வேண்டாம்.

"ஆதியில் மனிதன் இடிச் சத்தத்துக்குப் பயந்தான். அவன் மனைவியும்—" பள்ளிக்கூட வாடை அடிக்கிறது.

"எதிர்க்கடை செல்வமணியின் மனைவி பொன்செல்விக்கு வலது கண்ணில் கறுப்பாகப் பூச்சி பறந்தது." இது நிற்கும். ஏனென்றால் இது நடந்தது.

பெயரை மாற்றட்டுமா என்று செல்வமணியிடம் கேட்டேன். "என் பேரப் போட்டா என்னவே? கடை பேரையும் சேத்துப் போடும்" என்றான். அவனுடையது மலைச்சரக்குக் கடை. ஏலம், குருமிளகு, கிராம்பு. ஏலக்காயைத் தரம் பிரிப்பது பொன்செல்வியின் கண். ஒரு முறம் காயில் நிறம் மங்கின நாலைந்தை அவள் பேசிக்கொண்டே பொறுக்கி எறிவாள். பாயசத்துக்கு ஏலக்காய் வாங்க ஊரே வரும் ஓணக்காலத்தில் அந்தக் கண் இல்லாமல் அந்தக் கடை இல்லை.

3

படி ஒன்று. பூச்சி பறக்க ஆரம்பித்ததும் செல்வமணி பழவங்காடிப் பிள்ளையாரிடம் போனான். நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக வாயெடுத்தவன், சன்னதிக்குள்ளேயே ஐம்பத்தொன்றுக்கு வந்து, செருப்பு மாட்டும்போது இருபத்தொன்றில் முடித்தான். "பிள்ளையார் மறுபேச்சு பேசல்ல. சம்மதம்னுதானே அர்த்தம்?"

படி இரண்டு. பூச்சி போகவில்லை. ஓரத்தில் மின்னல் மாதிரி வெட்டவும் செய்தது. நாட்டு மருந்துக் கடை நேசையன், "சூடு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். சூடு என்றால் காய்ச்சல் இல்லை. தெர்மாமீட்டரில் வராது. யாரும் பார்த்ததில்லை, ஆனாலும் இந்த ஊரில் பாதி நோய்க்கு அதுதான் முதலாளி. (மாளவிகா, உன் இரண்டாம் படிக்கு இதைவிட நல்ல உதாரணம் உனக்குக் கிடைக்காது.) நாற்பத்தொரு நாள் எண்ணெய்க் குளியல் என்றார் நேசையன். செல்வமணி ஒன்பதுக்குப் பேசி முடித்தான்.

படி மூன்று. வலது கண்ணின் மூலையிலிருந்து ஒரு கறுப்புத் திரை இறங்க ஆரம்பித்தது. போன வியாழக்கிழமை கண்ணாஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ஷெமி சொன்னார்: உள்ளே விழித்திரை பிரிந்துகொண்டிருக்கிறது, ஏழு நாளைக்குள் ஆபரேஷன் செய்தால் பார்வை மீள தொண்ணூறு சதவீதம் வாய்ப்பு, தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் அது குறையும். செய்த பிறகு பத்து நாள் கவிழ்ந்தே படுத்திருக்க வேண்டும்.

"கவுந்து படுக்கது நாலு நாள் போதாதா டாக்டரே?" என்றானாம் செல்வமணி.

4

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கோட்பாட்டின்படி செல்வமணி மூன்றாம் படியில் நிற்கிறான். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. படத்தில் பிரிந்த இடத்தை அவனே எனக்கு விரல் வைத்துக் காட்டினான். டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை மணி தவறாமல் அவனே ஊற்றுகிறான். ஆனாலும் வியாழனில் இருந்து கடை திறந்தே இருக்கிறது, பொன்செல்வி முறத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏழு நாள்னு சொன்னாங்களேவே?"

"நீரும் கடை வச்சிருக்கீரு. ஏழுன்னு கேட்டாத்தான் நாம பத்துலயாவது வருவோம்னு டாக்டரம்மாவுக்குத் தெரியாதா? இது தொழிலுவே."

எனக்கு அது சரியாகவே பட்டது. நானே அப்படித்தான் சொல்லி விற்கிறேன். அதனால் அவனிடம் ஒன்றும் சொல்லாமல் கடைக்கு வந்து, "மனிதன் படிகளை ஏறவில்லை, பேரம் பேசும் எதிராளியைத்தான் மாற்றிக்கொண்டே—" என்று ஒரு வாக்கியம் எழுதினேன். நல்ல வாக்கியம் என்று பட்டது. அந்த மகிழ்ச்சியில் இரண்டு நாள் ஓடிவிட்டது.

5

திங்கட்கிழமை, அதுவரை எழுதியதை மாளவிகாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"மாமா, நல்லா இருக்கு. கற்பனைதானே?"

"பாதி."

"எந்தப் பாதி?"

"கண்ணு நிஜம்."



"இன்னைக்கு எத்தனாவது நாள் மாமா?"

"அஞ்சு."

"அஞ்சு நாளா நீங்க என்ன செஞ்சீங்க?"

"எழுதினேன்."

"எனக்கு இந்தக் கதை வேண்டாம்" என்று வைத்துவிட்டாள்.

எழுந்து எதிர்க்கடைக்குப் போனேன். பொன்செல்வி அங்கேதான் இருந்தாள், தலையை ஒருக்களித்து இடது கண்ணால் காய் பொறுக்கிக்கொண்டு. செல்வமணியைத் தனியே கூப்பிட்டு, "விளையாட்டில்லவே, நாளைக்கே கூட்டிட்டுப் போரும்" என்றேன். சத்தம் போட்டேன். ஓணத்துக்கு முந்தின நாள் உத்திராடம் புதன்கிழமை, திருவோணம் வியாழக்கிழமை, வருஷத்து வியாபாரமே இந்த இரண்டு மூன்று நாளில்தான், சனிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன் என்றான். முடியாது, செவ்வாய் என்றேன். சனி என்றான். அவள் கண்ணுவே என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. "சரி, உமக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். வெள்ளி காலையில, முதல் டோக்கன்" என்றான்.

கை கொடுத்தேன்.

ஒரு நாள் இறக்கிவிட்ட சந்தோஷத்தில் வந்து என் கல்லாவில் உட்கார்ந்து ஒரு சாயா குடித்தேன். தம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் உறைத்தது. ஏழாம் நாள் புதன். நானும் செல்வமணியும் சேர்ந்து, எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு கண்ணை வெள்ளிக்கிழமைக்குப் பேசி முடித்திருந்தோம்.

(வாசகரே, இதை வெட்டிவிடலாமா என்று நினைத்தேன். கதை சொல்கிறவன் இதில் நல்லவனாகத் தெரியமாட்டான். இருக்கட்டும்.)

6

திரும்பிப் போய் மறுபடி பேசினேனா? இல்லை. கை கொடுத்த பேச்சை மாற்றுவது எங்கள் தெருவில் வழக்கமில்லை. அதற்குப் பதிலாக முடிவுகள் எழுதினேன்.

(அ) வெள்ளிக்கிழமை ஆபரேஷன். எல்லாம் சுகம். கோட்பாடு ஜெயிக்கிறது.

(ஆ) வெள்ளிக்கிழமை ஆபரேஷன். பலனில்லை. செல்வமணி பழவங்காடிக்குப் போய், குறைத்த எண்பத்தேழு தேங்காயையும்— சீ.

(இ) டாக்டர் ஷெமி உண்மையிலேயே பத்து நாளை மனதில் வைத்துத்தான் ஏழு என்றிருந்தார். இதை நான் எழுதியது கதைக்காக இல்லை. எனக்குத் தேவைப்பட்டது.

புதன், உத்திராடம். காலை எட்டரைக்கே தெருவில் ஆள் மேல் ஆள். செல்வமணியின் தலை கூட்டத்துக்குள் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தது. நான் உருளிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது பொன்செல்வி என் கடைப் படியில் வந்து நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் ஸ்கேன்.

"அண்ணே, மூக்குக்கு இந்தப் பக்கம் இப்ப ஒங்க கடையே இல்ல."

நான் எழுந்துவிட்டேன்.

"காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல. வெறும் வயித்தோட வந்தா இன்னைக்கே செய்வாங்களாம், போன் பண்ணிக் கேட்டுட்டேன். பைஸ்டாண்டர்னு கூட ஒரு ஆள் வேணும். கையெழுத்துப் போடணும்."

"செல்வமணி?"

"அவரு வந்தா வாசல்லயே பேச ஆரம்பிச்சிருவாரு அண்ணே. நான் உள்ள போக நேரமாயிரும்."

"ஏழுன்னா ஏழுதான்னு நீ நினைக்கியா?" கேட்கக் கூடாத கேள்வி. கேட்டுவிட்டேன். எனக்கும் பழக்கம் போகவில்லை.

பொன்செல்வி போனக்காட்டில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். "எங்க அம்மைக்கெல்லாம் கொழுந்து நிறுத்தா தராசு என்ன காட்டுதோ அதான். நீங்க ரெண்டு பேரும் ரெண்டு வெல வச்சுப் பழகினவங்க. எனக்கு ஒண்ணுதான் தெரியும்" என்றாள். பிறகு கொஞ்சம் சிரித்தாள். "ஆட்டோக்காரன் நிக்கான். அவன்கிட்டயாவது பேசாம ஏறுங்க."

ஏறினேன். கடையை அப்படியே விட்டுவிட்டு.

7

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில், என் பில் புத்தகத்தின் பின்பக்கங்களில் எழுதுகிறேன். அதனால் நடை கொஞ்சம் கோணலாக இருக்கும்.

பாரத்தில் நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். 'எதிர்க்கடை' என்று எழுதப் போனேன். நர்ஸ் எட்டிப் பார்த்து, அண்ணன்தானா என்று மலையாளத்தில், "பிரதர் ஆணோ?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பொன்செல்வி, "ஆமா" என்றாள். கையெழுத்துப் போட்டேன். அவளைப் பச்சை உடுப்பு மாற்றக் கூட்டிப் போனார்கள். தோட்டையும் வளையலையும் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

அப்புறம்தான் செல்வமணிக்குப் போன் செய்தேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "எந்த மாடி?" என்று மட்டும் கேட்டான்.

வந்துவிட்டான். உத்திராடத்தன்று, பதினொரு மணிக்கு, ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறான். சாலைத் தெருவில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வேஷ்டியில் ஏலக்காய் வாசனை. என்னை அவன் பார்க்கவில்லை. தியேட்டர் கதவருகே டாக்டர் ஷெமி நின்றிருந்தார். நேரே அவரிடம் போனான்.

"டாக்டரே, நல்லாயிரும்லா?"

"நோக்கட்டே சேட்டா, பாக்கலாம். திரை நடுவரைக்கும் வந்துட்டு. இப்ப ஒரு அறுபது சதவீதம் சொல்லலாம்."

"தொண்ணூறுன்னு சொன்னீங்களே?"

"அது அன்னைக்கு."

"எண்பதாக்குங்க டாக்டரே."

டாக்டர் முகக்கவசத்தை ஏற்றிக் கட்டினார்.

"எழுபத்தஞ்சு. பத்து நாளில்ல, இருபது நாள் கவுந்து படுக்கட்டும். ஒரு மாசம் படுக்கட்டும். கடைய மூடிட்டு நான் பக்கத்துலயே இருக்கேன். எழுபத்தஞ்சு."

வாழ்நாளில் முதல் தடவையாக அவன் தன் பக்கத்தை ஏற்றிக்கொண்டே போவதைப் பார்த்தேன். டாக்டர் ஷெமி அவன் தோளை லேசாகத் தொட்டுவிட்டு உள்ளே போனார். கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிகிறது.

8

மாளவிகாவிடம் பேசி முடித்த ஐந்து பக்கம் எப்போதோ முடிந்துவிட்டது. மூன்று படிகளில் செல்வமணி எதில் நிற்கிறான் என்று அவள் கேட்டால், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் என்னால் சொல்ல முடியும். பொன்செல்வியின் வளையலை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்திருக்கிறான்.

முடிவு என்னிடம் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நான் வேண்டுமானால்—

இப்போது திரும்பி, நான் எழுதுவதைப் பார்த்துவிட்டான்.

"இதத்தான் எழுதுறீராவே?"

"ஆமா."

"அப்ப எழுதுறது நீருதானே. நீரு எத்தன சதவீதம் சொல்லுதீரு?"

அவனோடு பேரம் பேசிக் கை கொடுத்தவன் நான். என் வாயிலிருந்து எந்த எண் வந்தாலும் அது அவனுக்குச் செல்லாது. அதனால் உங்களைக் கேட்கிறேன், வாசகரே. நீங்கள் ஒரு எண் சொல்லுங்கள். யோசித்துச் சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள். அவன் பேரம் பேச மாட்டான். நீங்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வான்.