பதினேழாம் எண் பாய்

என் கண்ணைப் பற்றி நானே பெருமையடித்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினோரு வருடமாகச் செக்கிங் மேசையில் நிற்கிறவள் நான். ஒரு நாளைக்கு நானூறு சட்டை என் கையில் புரண்டு போகும். காலரில் ஒரு தையல் விட்டிருந்தால் போதும், கை அதைத் தானாகவே சிவப்புக் கூடையில் போட்டுவிடும். தைத்தவள் யார், சூப்பர்வைசரிடம் அவள் திட்டு வாங்குவாளா என்றெல்லாம் கை கேட்காது. இந்தக் கண்ணை நம்பித்தான் படகுச் சங்கத்தில் என்னைப் பந்தயம் நடத்துகிற கமிட்டி படகில் ஏற்றினார்கள். ஏற்றினார்கள் என்ன, நானேதான் பெரிய இவள் மாதிரி ஏறிப்போய் நின்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் மகள் ஓட்டுவது டிங்கி. குளியல் தொட்டியைக் கொஞ்சம் இழுத்து நீட்டின மாதிரி ஒரு படகு. அதில் ஒரு பாய், ஒரு சுக்கான், ஒரு பிள்ளை. மோட்டார் கிடையாது, துணைக்கு ஆளும் கிடையாது. பதினைந்து வயது ஆகிற வருடத்தோடு இந்தப் படகுப் போட்டி முடிந்தது. அதற்கு மேல் பெரிய படகு, எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக வேண்டும். அவளுக்கு இந்த வருடம் பதினைந்து.

வெளிநாட்டுப் போட்டிக்கு நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க மூன்று நாளில் எட்டுப் பந்தயம் வைத்தார்கள். முதலில் வந்தால் ஒரு புள்ளி, பத்தாவதாக வந்தால் பத்து. குறைவாக வைத்திருப்பவர் மேலே. ஏழு பந்தயம் முடிந்தபோது இவள் நான்காம் இடம். இரண்டே புள்ளி பின்னால், ஐந்தாவதாக, பேக்கரிக்காரர் மகள். மோசமாகப் போன ஒரு பந்தயத்தைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிடலாம் என்று ஒரு சலுகை உண்டு. முதல் நாள் சுக்கான் கழன்று கடைசியாக வந்ததில் அதையும் இவள் தீர்த்துவிட்டிருந்தாள். ஆகக் கடைசிப் பந்தயத்தில் பேக்கரிக்காரர் மகளை ஒட்டினாற்போல் வந்தாலே போதும். மூன்று வருடமாக விடியற்காலையில் எழுந்து, உள்ளங்கை வெடித்து, பள்ளிக்கூடத்தில் தூங்கி வழிந்து வாத்தியார்களிடம் பேச்சு வாங்கினதெல்லாம் அந்த ஒரு இடத்துக்காகத்தான்.

அந்தக் கடைசிப் பந்தயத்தன்று பார்த்து, படகுகள் கிளம்புகிற கோட்டைக் கண்காணிக்கிற ஆளுக்குக் காய்ச்சல். பந்தய அதிகாரியாக இருந்தவர் பல் டாக்டர். வாயைத் திற என்று சொல்லிச் சொல்லியோ என்னவோ, அவர் தன் வாயை அதிகம் திறக்க மாட்டார்.

"உங்க பொண்ணும் ஓடறா, அது ஒண்ணுதான் இடிக்குது," என்றார். "ஆனா இங்க இருக்கறவங்கள்ல யார் புள்ளதான் ஓடல."

"நான் நம்பரத்தான் பாப்பேன் டாக்டர், புள்ளய இல்ல," என்று நான் ஜம்பமாகச் சொன்னேன்.

வேலை இதுதான். கமிட்டி படகின் கொடிமரம் ஒரு முனை, தூரத்தில் மிதக்கும் ஆரஞ்சு மிதவை இன்னொரு முனை. நடுவில் ஒரு கயிறு கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். ஹாரன் அடிப்பதற்கு முன்னால் எந்தப் படகின் மூக்கும் அந்தக் கயிற்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அதன் பாயில் இருக்கிற எண்ணை நான் ரெக்கார்டரில் சொல்ல வேண்டும். டாக்டர் உடனே இன்னொரு ஹாரன் அடித்து, நீலக் குறுக்குக் கோடு போட்ட வெள்ளைக் கொடியை ஏற்றுவார். தாண்டினவர் திரும்பி வந்து மறுபடி கிளம்ப வேண்டும். யார் தாண்டினார்கள் என்று மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்கும், தூரத்தில் இருப்பவனுக்குக் கேட்காது, அது ஓரவஞ்சனை ஆகிவிடும் என்று போட்டி விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தாண்டினவர்கள் எல்லோரும் திரும்பும் வரை, அல்லது நான்கு நிமிடம் வரை, கொடி மேலேயே இருக்கும். அதைப் பார்த்துப் பிள்ளைகளே புரிந்துகொள்ள வேண்டும்.

முப்பத்தெட்டுப் படகுகள் கோட்டுக்கு வந்தன. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து, ஒன்பது என்று எண்ணினார். பாய்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கொடிமரத்தையும் மிதவையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தேன். மூன்று என்றபோது ஒரு மூக்கு நான்கு விரல் வெளியே வந்தது. "எழுபத்திரண்டு," என்றேன். ஒன்று என்றபோது இன்னொரு மூக்கு ஒரு முழம் வெளியே வந்தது. "பதினேழு," என்றேன்.

பதினேழு என் மகள். வாய் சொன்ன பிறகுதான் அது என் மண்டையில் ஏறியது. நேர்மையாக யோசித்துச் சொன்னேன் என்று யாராவது என்னைப் பற்றிச் சொன்னால் நம்பாதீர்கள். யோசிக்க நேரம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ எனக்கே தெரியாது.

இரண்டாவது ஹாரன் அடித்தது, கொடி ஏறியது. எழுபத்திரண்டாம் படகுக்காரன் கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன். சத்தம் கேட்டதுமே அவன் படகைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். இவளும் ஒரு தடவை தலையைத் திருப்பினாள். அவன் போவதைப் பார்த்தாள். சரி, அவனுக்குத்தான் என்று தீர்மானித்துவிட்டாள் என்பது இங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. அவன் திரும்பி வந்து மறுபடி கிளம்பின பிறகும் கொடி இறங்கவில்லை. இன்னும் ஒருத்தர் பாக்கி என்று அதற்கு அர்த்தம். ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. கிளம்பிவிட்டால் பின்னால் பார்க்காதே, பார்த்தால் வேகம் போய்விடும் என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளுக்குப் பாடம் நடத்தின மகராசி நான்தான்.

ஒரு நிமிடம் ஆனது. அவள் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தாள். அவளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட வேண்டாம், ஒரு இருமல் இருமினால் போதும், என் இருமல் அவளுக்குத் தெரியும். நான் ரெக்கார்டரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிடம் ஆனது. திரும்புடி, திரும்புடி என்று மனசுக்குள் கதறினேன். அவள் கால்களைப் படகுக்குள் கட்டியிருந்த பட்டைக்குள் கொடுத்து, முதுகு தண்ணீரில் உரச வெளியே சாய்ந்து, காற்றைப் பிடித்துக்கொண்டு போனாள். அவ்வளவு அழகாக அவள் ஓட்டி நான் பார்த்ததில்லை.

மூன்று நிமிடம் தாண்டினதும் டாக்டர் கொடிக்கயிற்றில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே பேசினார்.

"சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லிடுங்கம்மா. சந்தேகம்னா படகுக்குச் சாதகமா விடறதுதான் முறை. யாரும் உங்களத் தப்பா நெனைக்க மாட்டாங்க."

அந்த மனிதர் எனக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் என் கண்ணைச் சபித்தேன். அலை நம் படகைத் தூக்கியிருக்குமோ, கொடிமரம் ஆடியிருக்குமோ என்று ஒவ்வொன்றாக எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. ஒரு முழம், சந்தேகமே இல்லை. நான்கு விரல் தாண்டின அந்தக் கண்ணாடிப் பையன் கொடியை மதித்துத் திரும்பிப் போய், இப்போது எல்லோருக்கும் பின்னால் தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஒரு முழம் தாண்டினவளுக்கு மட்டும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது.

"சந்தேகம் இல்ல டாக்டர்."

அவர் கொடியை இறக்கினார். அத்தோடு முடிந்தது. இனி அவள் திரும்பினாலும் பிரயோஜனம் இல்லை. முதலாவதாக வந்தாலும் மொத்தப் படகுகளுக்கு மேல் ஒன்று, முப்பத்தொன்பது புள்ளி; பந்தயத்துக்கே வராமல் படுத்துத் தூங்கியிருந்தாலும் அதே முப்பத்தொன்பதுதான்.

அப்போது பார்த்துக் கைபேசி அதிர்ந்தது. கரையில் இருந்து என் வீட்டுக்காரர்.

"பாத்தியா, மொத மெதவைய நம்ம புள்ளதான் மொதல்ல சுத்தினா. பேக்கரிக்காரர் பக்கத்துலதான் நிக்கறாரு, மூஞ்சிய பாக்கணுமே நீ."

"ம்."

"என்ன ம். பாஸ்போர்ட்டுக்கு நாளைக்கே போட்டோ எடுத்துரலாம். நீ அங்க சந்தோஷத்துல அழுதுகிட்டு நிக்கறியா?"

அவரிடம் சொல்ல முடியாது. அவர் வாயில் ஒரு விஷயம் ஐந்து நிமிடம் தங்காது. கரை முழுக்கப் பரவி, பயிற்சியாளர் படகு வரைக்கும் போய், அங்கிருந்து யாராவது அவளுக்குக் கை காட்டுவார்கள். அப்புறம் அது, வெளியாள் குறுக்கிட்டார் என்று, வேறு வழக்காகிவிடும். "வேலை இருக்கு, வையுங்க," என்று சொல்லி அணைத்தேன். அவர் அங்கே பேக்கரிக்காரரின் தோளில் கை போட்டுக்கொண்டு ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறார், அது பின்னால்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு முப்பத்தைந்து நிமிடம். அந்த முப்பத்தைந்து நிமிடத்தை நான் என் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன். சட்டையை ஒரு தடவை கூடையில் போட்டுவிட்டால் அது அங்கேயே கிடக்கும்; இது என் கண் முன்னாலேயே போய்ப் போய் வந்தது. இரண்டாவது மிதவையை அவள் சுற்றும்போது அவளுக்கும் அடுத்தவளுக்கும் நடுவில் ஒரு தெரு நீளம் இடைவெளி. எங்களைக் கடந்து போகிறபோது இந்தப் பக்கம் பார்த்தாள். பந்தயத்தில் சிரிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அன்றைக்குச் சிரித்தாள். நான் என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

முடிவுக் கோடும் எங்கள் படகை ஒட்டியேதான் இருந்தது. கோட்டைத் தொடுகிற ஒவ்வொரு படகின் எண்ணையும் நான் சொல்ல வேண்டும், டாக்டர் அதற்கு ஒரு ஹாரன் அடிப்பார். அவள் பாய் புடைக்க வந்தாள், வந்து தாண்டினாள். டாக்டர் ஹாரன் பித்தானிலிருந்து விரலை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கரையில் கைதட்டல் கிளம்பிப் பாதியில் நின்றது. அவள் படகைத் திருப்பிக்கொண்டு எங்களிடம் வந்தாள். பந்தயத்தை முடித்துவிட்டாள், இனிப் பேசலாம்.

"ஹாரன் ரிப்பேரா?"

"இல்லம்மா," என்றார் டாக்டர். "கமிட்டி என்ன முடிவு பண்ணிச்சுன்னா..."

"நீ முன்னாடியே கெளம்பிட்ட," என்றேன்.

"அது எழுபத்திரண்டுக்குத்தானே?"

"ரெண்டு பேரு. நீயும்தான்."

"யாரு பாத்தது?"

"நான்தான்."

அவள் எங்கள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வெடித்த விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. எவ்வளவு என்று கேட்டாள். ஒரு முழம் என்றேன். அவள் அதை மறுக்கவில்லை. என் கண்ணைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

"கொடி மேலதான் இருந்துச்சா, நாலு நிமிஷமும்?"

"இருந்துச்சு."

"நீ பாத்துட்டே நின்னியா?"

"ஆமா."

"ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாமே."

"கூடாதுன்னு உனக்கே தெரியும்."

"தெரியும்," என்றாள். "வீட்டுல ஈரத் துண்டு கட்டில்மேல கெடந்தாலே தெருமுனை வரைக்கும் கேக்கற மாதிரி கத்துவ. அதான் கேட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இரண்டு பேருக்கும் ஆறியிருக்கும். அவள் மணி என்ன என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். இறங்கி அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்றால் நடுவில் தண்ணீர். அப்படியே இறங்கினாலும் கோட்டைப் பார்க்க வேறு ஆள் கிடையாது. "கைய எடு, நசுங்கிரும்," என்று மட்டும் சொன்னேன். அவள் கையை எடுத்தாள். பாய்க்கயிற்றையும் விட்டுவிட்டாள். படகு தன் போக்கில் பின்னால் நகர்ந்தது.

"நம்பர்," என்றார் டாக்டர் மெதுவாக.

திரும்பிப் பார்த்தேன். அடுத்த படகு கோட்டுக்கு வந்துவிட்டது. பேக்கரிக்காரர் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டாம் இடத்தையாவது விடக் கூடாது என்று உயிரைக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. என் மகள் பத்தடி தள்ளி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு கோட்டைத் தொட்டது.

"இருபத்தாறு," என்றேன். டாக்டர் ஹாரன் அடித்தார்.