மூடிய சுழி

பெட்ரா நோவாக் என் பந்தை விளக்கின் கீழ் உருட்டி உருட்டிப் பார்த்தாள். டேட்டனில் ஓர் ஓட்டல் கூடம். எனக்குப் பின்னால் வரிசையில் ஆறு பேர். பழைய பேஸ்பால் ஆட்டக்காரர்களின் கையெழுத்து மெய்யா பொய்யா என்று பார்த்துச் சான்று எழுதித் தருவது அவள் வேலை.

இருபத்து நான்கு பெயர்களுக்குத் தலையாட்டினாள். இருபத்தைந்தாவதில் நின்றாள்.

"கிளீட் ராஸ்மனோட கையெழுத்து. இது எப்படி வந்தது சார்?"

"தொண்ணூத்தாறுல நேர்ல போட்டது. இதே ஊர்ல."

"நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இல்ல. என் சிநேகிதன் இருந்தான்."

ஒப்பிட வசதியாக இருக்கும் என்று அஞ்சல் அட்டையையும் கொண்டுபோயிருந்தேன். என் பத்தொன்பதாவது வயதில், எழுபத்து நான்கில், ராஸ்மனுக்குக் கடிதம் எழுதினேன். என் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையையும் உள்ளே வைத்தேன். மூன்று வாரத்தில் அவர் படம் போட்ட இந்த அட்டை கையெழுத்தோடு அந்த உறையில் வந்தது.

அதைப் பந்துக்குப் பக்கத்தில் வைத்தேன். "பாருங்க. அப்படியே இருக்கும்."

"அதான் சார் பிரச்சனை."

இரண்டிலும் பெயரின் முதல் எழுத்தில் சுழி மூடியிருந்தது. கடைசி எழுத்தின் வால் மேலேறி வளைந்திருந்தது.

"தபால்ல போனது எல்லாமே அவர் மனைவி போட்டது. அவங்க மகளே ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சொல்லிட்டாங்க. அவர் கையால போட்டா சுழி திறந்திருக்கும். வால் இருக்காது. அவசரக் கை."

"நேர்லயும் மனைவி போட்டிருக்கலாமே."

"அவங்க தொண்ணூத்தொண்ணுல இறந்துட்டாங்க, சார்."

பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். நான் பந்தை எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

பேஸ்பால் பந்தில் இரண்டு தையல் கோடுகளும் நெருங்கி வரும் இடம் ஒன்று உண்டு. அணி முழுதும் கையெழுத்துப் போடும் பந்தில் அந்த இடம் பெரிய ஆட்டக்காரருக்கு. அறுபத்தெட்டில் எங்கள் ஊர் அணியில் ஆடிய இருபத்து நான்கு பேரிடம் பதினோரு வருடம் அலைந்து கையெழுத்து வாங்கினேன். யாரும் அந்த இடத்தைத் தொடவில்லை. யாருக்காக என்று ஒருவரும் கேட்கவுமில்லை. அந்த அணியின் பெரிய ஆட்டக்காரர் ராஸ்மன் வெளியே வருவதே இல்லை. தொண்ணூற்றாறில் ஒரே ஒரு நாள் வந்தார். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு கையெழுத்து. நான் டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன். அந்த வாரம் என் மனைவி ஆர்லீனுக்கு அறுவை சிகிச்சை. என் சிநேகிதன் ஓரின் வந்து டிக்கெட்டையும் பந்தையும் வாங்கிக்கொண்டான். அட்டையையும் கொடுத்தனுப்பினேன், ராஸ்மனிடம் காட்டச் சொல்லி.

மாலையில் ஆஸ்பத்திரிக்கே வந்தான். நாலு மணி நேரம் நின்றதாகச் சொன்னான். வாசலில் தனக்கும் ஒரு டிக்கெட் கிடைத்தது என்று தன் பந்தையும் காட்டினான். அதில் கையெழுத்து கோணலாக, அரைகுறையாக இருந்தது. எனக்கு நல்லதைக் கொடுத்துவிட்டு மோசமானதைத் தான் வைத்துக்கொண்டான் என்று நினைத்தேன். இருபத்து மூன்று வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது உயிலில் என் பந்தை அவன் பெயருக்கு எழுதப் போயிருந்தேன். வக்கீல்தான் சான்று வாங்கி வரச் சொன்னார்.

ஓரின் வீட்டுக்கு அரைமணி நேரம். சமையலறையில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

"வாடா கிழவா. என்ன சொன்னா அந்தம்மா? மியூசியத்துல வைக்கணும்னாளா?"

"உன் பந்தை எடுத்துட்டு வா."

"எதுக்கு?"

"எடுத்துட்டு வாடா."

என் முகத்தைப் பார்த்தான். கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய் எடுத்து வந்தான். இரண்டையும் மேசைமேல் வைத்தேன். அவனுடையதில் சுழி திறந்திருந்தது. வால் இல்லை.

"மெர்ல், அவர் கை ஓஞ்சுபோச்சு. நான்தான் அப்பவே சொன்னேனே..."

"அட்டையில இருக்குறது அவர் பொண்டாட்டி எழுதினதாம்."

அவன் உட்கார்ந்தான்.

"வாசல்ல டிக்கெட் தீர்ந்துபோச்சு" என்றான். "இருந்தது ஒண்ணுதான்."

"என்னோடது."

"உன்னோடது. மேசைக்கிட்ட போனேன். ரெண்டு கையிலயும் பந்து. எந்தக் கை நீண்டதுன்னு எனக்கே தெரியலடா."

"அப்புறம்?"

"அப்புறம் கார்ல உக்காந்து, அட்டையப் பாத்து... நாலு தடவை பேப்பர்ல எழுதிப் பாத்தேன். நீ ஆஸ்பத்திரில இருந்த. உன்கிட்ட வந்து வெறும் பந்த நீட்டச் சொல்றியா?"

"எனக்காகவா போட்ட?"

ஓரின் என் பந்தைப் பார்த்தான். பந்தின் தோலில் இறங்கிய மை வெளியே வராது. ராஸ்மன் இறந்து பதினைந்து வருடம்.

தன் பந்தை என் பக்கம் நகர்த்தினான். "இத எடுத்துக்கோ. இது உன் டிக்கெட்டு. நியாயமா உன்னோடதுதான்."

நான் தொடவில்லை.

"ஆர்லீனப் பத்திச் சொன்னியே" என்றேன்.

"என்னது?"

"ராஸ்மன் அவ பேரைக் கேட்டார்னு. 'தைரியமா இருக்கச் சொல்லுங்க'ன்னு சொன்னார்னு. அன்னிக்கு அவகிட்ட சொன்னேன். சிரிச்சா. யார் பாக்க வந்தாலும் அதத்தான் சொல்லிட்டிருந்தா."

ஓரின் சாண்ட்விச் தட்டைத் தள்ளி வைத்தான்.

"சொன்னாரா, ஓரின்?"

"வரிசை ரொம்ப நீளம், மெர்ல்."

"சொன்னாரா?"

"அவர் தலையே நிமிரலடா. எனக்கு மட்டும் இல்ல, யாருக்குமே நிமிரல."

ஆர்லீன் அந்த அக்டோபரில் போனாள். சவ அடக்கத்தன்று தேவாலயத்தில் எழுந்து நின்று ராஸ்மன் சொன்னதைச் சொன்னேன். ஓரின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். எல்லோரோடும் சேர்ந்து அழுதான்.

"மெர்ல்" என்றான். "ஏதாவது சொல்லு."

என் பந்தை மட்டும் எடுத்தேன். மற்ற இருபத்து நான்கு பேரும் மெய். பெட்டியின் மூடி சரியாக உட்காரவில்லை. இரண்டாவது முறை அழுத்தி மூடினேன்.