கண்ணாடியில் பார்த்த கடிகாரம்

மறதி சலூன்காரருக்கு இல்லை, அவர் மனைவிக்குத்தான். அதை அவளிடம் சொல்லிவிட்டு அந்த வீட்டில் குடியிருக்க முடியுமா? போன மாதம் அடுப்பை அணைக்க மறந்தாள். போன வாரம் மகள் வீட்டுக்குப் போகும் வழியில் திக்குத் தெரியாமல் நின்றுவிட்டு, "கால் வலிச்சுது, நின்னேன்" என்று சமாளித்தாள். டாக்டரிடம் போகலாம் என்றதற்கு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வேறு வழியில்லாமல் மனிதர் ஒரு நாடகம் போட்டார். கத்தரிக்கோலை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினார். "எனக்கு மூளை மழுங்கிப்போச்சும்மா. நீ கூட வந்தாத்தான் டாக்டர்கிட்ட போவேன்" என்று ஒற்றைக் காலில் நின்றார். அவள் மறுபேச்சு பேசாமல் செருப்பை மாட்டினாள். புருஷனுக்கு ஒன்று என்றால் அப்படித்தான் துடித்துப்போவாள், பாவம்.

டாக்டர் சின்னப் பெண். சலூன்காரர் முன்பே சொல்லிவைத்திருந்தபடி ஆளுக்கொரு தாளை நீட்டினாள்.

"ரெண்டு பேரும் ஒரு கடிகாரம் வரைங்க. பதினொன்னு பத்து மணின்னு முள்ளு போடுங்க."

"நான் எதுக்கு?" என்றாள் மனைவி.

"துணைக்கு வரைம்மா. தனியா பரீட்சை எழுத பயமா இருக்கு" என்றார் சலூன்காரர்.

அவர் நினைப்பெல்லாம் பக்கத்து நாற்காலியில் இருந்தது. கை பாட்டுக்கு வரைந்தது. அந்தத் தாளை வாங்கிய டாக்டரின் முகம் மாறியது. பன்னிரண்டுக்கு வலப்பக்கம் பதினொன்று, பத்து, ஒன்பது என்று எண்கள் எதிர்த்திசையில் ஓடின. அவர் தாளை உற்றுப் பார்த்தார். நாடகம் போடப் போய் நிஜமாகவே ஆகிவிட்டதா?

மனைவி எட்டிப் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அட கூத்தே! டாக்டரம்மா, இவரு கடையில கடிகாரம் பின்சுவத்துல தொங்குது. நாப்பது வருஷமா முடி வெட்டிக்கிட்டே கண்ணாடியில மணி பாக்குற ஆளு. நீங்க அதைக் கண்ணாடியில காட்டிப் பாருங்க."

கைகழுவும் தொட்டிக்கு மேலே கண்ணாடி இருந்தது. டாக்டர் தாளை அதில் காட்டியபோது முள் சரியாகப் பதினொன்று பத்தில் நின்றது. டாக்டரும் சிரித்துவிட்டாள். சலூன்காரருக்கோ தலைகால் புரியவில்லை. என்ன கூர்மை! இவளுக்கா மறதி?

பிறகுதான் மனைவியின் தாளைப் பார்த்தார்.

வட்டம் அழகாக இருந்தது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை அத்தனை எண்களும் வலது பாதியில் முண்டியடித்துக்கொண்டு நின்றன. இடது பாதி காலி. முள்ளே இல்லை.

அவளே எழுந்து போய்த் தன் தாளைக் கண்ணாடியில் காட்டினாள். திருப்பிக் காட்டினாள். சாய்த்துக் காட்டினாள்.

"என்னுது சரியா வரலீங்களே" என்றாள்.

"இதை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. இன்னும் சில டெஸ்ட் எடுத்துப் பாக்கணும்" என்றாள் டாக்டர், மெதுவாக.

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "கத்தரிக்கோலை ஃப்ரிட்ஜுல வச்சது வேணும்னுதானே?"

திட்டு விழட்டும் என்று அவர் தலையாட்டினார். அவளுக்குக் கோபம் வரவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த டெஸ்டுக்கும் துணைக்கு உக்காருங்க" என்றாள். "தனியா எழுத எனக்கும் பயமா இருக்கு."