சேவலுக்கு வேலையில்லாத ஊர்

1925ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கில் சேவல் சேராமலே முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் எல்லாம் பெட்டை. ஒவ்வொன்றும் தாயை அப்படியே உரித்து வைத்திருந்தது. ஜூன் மாதம் நூர் பீவியின் வெள்ளாடு, கிடாயின் முகத்தையே பார்க்காமல் இரண்டு குட்டி போட்டது. இரண்டுக்கும் தாயைப் போலவே நெற்றியில் வெள்ளைப் பொட்டு. முட்டை விலை மாறவில்லை. சேவல் விலைதான் பாதியாக விழுந்தது. ஜபருல்லா தன் சாப்பாட்டுக் கடையில் நாள் தவறாமல் சேவல் குழம்பு வைத்தார். அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து சிலர் நம்பாமல் தங்கள் சேவல்களைக் கூடையில் போட்டுக்கொண்டு ஃபெரி ஏறி வந்தார்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் அவை பெட்டைகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவற்றையும் ஜபருல்லாவே வாங்கிக்கொண்டார்.

இவ்வளவுக்கும் காரணம் தான் சொல்லாமல் விட்ட ஒரே ஒரு வாக்கியம் என்பது பெஞ்சமின் வாத்தியாருக்கு மட்டும் தெரியும்.

அந்த ஜனவரியில் அக்னஸின் வயிறு மறைக்க முடியாத அளவுக்கு வந்திருந்தது. அக்னஸுக்கு இருபத்து நாலு வயது, கல்யாணமாகவில்லை, தாய் தகப்பன் இல்லை. மாதா கோவிலுக்குச் சொந்தமான அறை ஒன்றில் தையல் மெஷினோடு இருந்தாள். அவளை அங்கிருந்து வெளியேற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் பெரியவர்கள் கூடினார்கள். கப்பல் கம்பெனியில் தலைமைக் கிராணியாக, அதாவது பெரிய குமாஸ்தாவாக, இருந்த ஆரோக்கியநாதன்தான் பேச்சை நடத்தினார். யார் என்று பிரெஞ்சுச் சாமியார் மூன்று முறை கேட்டார். அக்னஸ் வாய் திறக்கவில்லை. மூன்றாவது வரிசையில் இருந்த பெஞ்சமினை ஒரே ஒரு முறை பார்த்தாள், அவ்வளவுதான். மிஷன் பள்ளியில் இயற்கைப் பாடம் நடத்துகிறவர் அவர்; அந்த வட்டாரத்திலேயே உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருந்த ஒரே ஆள். ஆரோக்கியநாதனின் மகள் டோரதியோடு நிச்சயமும் ஆகியிருந்தது. ‘நான்தான்’ என்று ஒரு சொல் சொன்னால் வேலையும் போகும், கல்யாணமும் போகும். ஆனாலும் எழுந்தார். எழுந்தபோது அதைத்தான் சொல்ல நினைத்திருந்தார்.

வாயில் வந்தது பாடம். குளத்து ஹைட்ரா தன் உடம்பிலேயே மொட்டு விட்டுக் குட்டியைப் பிரித்து அனுப்பும் என்றார். வலையில் சிக்கிய நட்சத்திர மீனைச் செம்படவன் கோபத்தில் வெட்டிக் கடலில் போட்டால், சில வகைகளில் வெட்டுப்பட்ட துண்டே இன்னொரு மீனாகிவிடும் என்றார். ரோஜாச் செடியில் ஒட்டும் அசுவினிப் பூச்சிகளில் ஆணில்லாமலே பெண் பெண்ணைப் பெறும், தேனீயில் ஆண் என்பதே தகப்பனில்லாத முட்டையிலிருந்து வருவது என்றார். அத்தனையும் உண்மை. கோழிக்கும் ஆட்டுக்கும் மனுஷிக்கும் இது நடப்பதில்லை என்ற கடைசி வாக்கியத்தை மட்டும் விழுங்கிவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் வாயைப் பிளந்தது. இதை யாரும் அற்புதம் என்று சொல்லி மாதாவின் பெயருக்குக் களங்கம் கொண்டுவரக் கூடாது என்று சாமியார் எச்சரித்தார். அதனால் ஊர் அதை சயின்ஸ் என்றது. அக்னஸின் அறை தப்பியது. அவள் தலை மட்டும் நிமிரவில்லை. அடுத்த மாதமே கோழிகள் வாத்தியாரின் பேச்சைக் காப்பாற்றத் தொடங்கின.

ஏப்ரலில் பெண் குழந்தை பிறந்தது. பிலோமினா என்று பெயர் வைத்தார்கள். தாயை அச்சில் வார்த்தது போல இருந்தாலும், இடது கைச் சுண்டுவிரல் மட்டும் உள்பக்கம் வளைந்திருந்தது. பெஞ்சமினுக்கும் அப்படித்தான், அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான். ஏழைப் பெண்ணுக்காகப் பேசிய புண்ணியவான் என்று ஊரே சேர்ந்து ஞானஸ்நானத்தில் அவரை ஞானத்தகப்பனாக நிற்கச் சொன்னது. பெற்ற தகப்பன் ஞானத்தகப்பனாக நிற்கக் கூடாது என்பது ஞானோபதேசம் படித்த பிள்ளைக்கும் தெரியும். மறுத்தால் காரணம் கேட்பார்களே என்று பயந்து நின்றார். கோவில் பதிவேட்டில் தகப்பன் பெயருக்கான இடத்தில் சாமியார் ஒரு கோடு போட்டார். ஞானத்தகப்பன் யார் என்று கேட்டபோது, “நான், சாமி,” என்றார் பெஞ்சமின். தண்ணீர் விழுந்தது. அவர் கையில் இருந்த குழந்தையின் சுண்டுவிரல், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெல்ல நிமிர்ந்து நேராயிற்று.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி டோரதியின் நிச்சயத்தை முறித்துக்கொண்டார். டோரதி பிறை என்ற ஊரில் ஒரு ரயில்வே கிராணியைக் கட்டிக்கொண்டு சுகமாக இருந்தாள். பெஞ்சமின் ஜபருல்லாவின் கூண்டில் மிஞ்சியிருந்த கடைசிச் சேவலை வாங்கி வந்து வளர்த்தார். எட்டு வருஷம் எதையும் சொல்லாமல் ஓட்டினார். 1933இல் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து எல்லாரும் கோவில் வாசலில் நிற்கும்போது, உரக்கச் சொல்லிவிட்டார்.

“பிலோமினா என் பிள்ளை. நான் பெத்த பிள்ளை.”

ஆரோக்கியநாதன் அவர் தோளைத் தட்டினார். “உங்க மனசு யாருக்கு வரும், சார்! பிள்ளைக்கு ஒரு பேர் குடுக்கணும்னு பாக்குறீங்க. ஆனா நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க லா? கோழிக்கே சேவல் வேணாம்னு ஆயிருச்சே!”

பெஞ்சமின் வளைந்த விரலை நீட்டிக் காட்டினார். பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். பத்து விரலும் நேராக இருந்தன. அன்றிலிருந்து ஊரில் அவருடைய மதிப்பு இன்னும் கூடியது. அந்த வெட்கத்தை அவர் யாரிடம் சொல்வார்?

எல்லாரும் போன பிறகு அக்னஸ் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். “அன்னைக்கு ஒரு வார்த்தை போதுமா இருந்துச்சு சார். இப்ப எத்தனை சொன்னாலும் ஏறாது,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரைக் கொன்றது.

மறு வருஷம், தைத்த சட்டையைக் கொடுத்துவிட்டு வரும்படி அக்னஸ் மகளை அவர் வீட்டுக்கு அனுப்பினாள். பிலோமினாவுக்கு ஒன்பது வயது. கூவும் சத்தத்தைத் தினமும் கேட்டிருக்கிறாள், சேவலைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. கொண்டையையும் வாலையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

“இது எதுக்கு, சார்?”

பெஞ்சமினுக்குப் பதில் தெரியும். வகுப்பில் எத்தனையோ வருஷம் நடத்திய பாடம். வாயைத் திறந்தார்.

“காலையில கூவும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்மா.”

பாவம் என்று சொல்லி, பிலோமினா ஒரு பிடி அரிசியை அள்ளிச் சேவலுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.