தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்

காலையில் செத்துவிடும், சாயங்காலம் உயிர் வரும். பின் தெருவின் இணையத்துக்கு ஒரு வாரமாக இதே கதை. "பொம்பளப் புள்ள மாட்டுனா இப்படித்தான் ஆட்டங்காட்டும்" என்று இணைய நிறுவன அலுவலகத்தில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார் மேலாளர். அந்தச் சொல்லையும் ஏணியோடு சேர்த்துத் தோளில் சுமந்துகொண்டுதான் அவள் முன் தெரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஐந்து மாடியும் ஏறினாள்.

பின் தெருவில் அவளுக்கு ஏணிக்காரி என்று பெயர். அவளும் அந்தத் தெருக்காரிதான். அங்கே பட்டம் வாங்கிய முதல் ஆள். தங்கை இரண்டாவது ஆளாக வேண்டும். இன்று முற்பகல் அவளுக்குக் கைப்பேசியில் கல்லூரி நேர்காணல். நடுவில் அறுந்தால் இடம் போயிற்று.

மொட்டைமாடிக்கு வந்தாள். கைப்பிடிச் சுவரில், பின் தெருவைப் பார்த்தபடி அவள் பொருத்திய இணைய சிக்னல் பெட்டி அங்கே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தண்டனை வாங்கிய பிள்ளை போல நின்றிருந்தது.

நாற்காலி போட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார் குடியிருப்புச் செயலாளர்.

"யாரு சார் இதை மாத்துனது?"

"நான்தாம்மா, வாட்ச்மேனை விட்டு மாத்துனேன். உக்காந்தா கண்ணை உறுத்துது. பிளாஸ்டிக் தொட்டிதானே, சிக்னல் போகாதா?"

"பிளாஸ்டிக்ல போகும், தண்ணியில போகாது. காலையில மோட்டார் போட்டு ரொப்புறீங்க, எங்க தெரு செத்துடுது. நீங்கல்லாம் குளிச்சு முடிச்சு தொட்டி காலியானாத்தான் எங்களுக்கு உயிர் வருது."

"ஞாயித்துக்கிழமை கமிட்டியில பேசுவோம்."

"என் தங்கச்சிக்கு இப்போ இண்டர்வியூ சார்!"

"இடத்தைக் கொடுத்தா மடத்தைப் புடுங்குவீங்களே!"

"சும்மாவா கொடுத்தீங்க? அஞ்சு மாடிக்கும் இலவச இணைப்பு வாங்கிட்டுத்தானே கொடுத்தீங்க? உங்களுக்கு மட்டும் வந்தாப் போதுமா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. பெட்டியைக் கழற்றினாள். படிக்கட்டு அறையின் சுவரில் ஏணியைச் சாய்த்து உச்சிக்கு ஏறினாள். வயரை நீளமாக விட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"உங்க மேனேஜருக்குப் போன் போடுறேன்!"

"போடுங்க. தொட்டிக் கதையையும் மறக்காமச் சொல்லுங்க."

பெட்டியின் முகத்தைப் பின் தெருவுக்குத் திருப்பி முறுக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது. தங்கையிடமிருந்து செய்தி: "வந்துடுச்சுக்கா. கூப்பிடாதே, ஆரம்பிக்கப் போறாங்க."

இறங்கி, ஏணியை மடக்கித் தோளில் போட்டாள்.

"வாட்ச்மேன்! அதை இறக்குய்யா" என்று கத்தினார் செயலாளர்.

மேலே வந்த வாட்ச்மேன் படிக்கட்டு அறையின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். "எதுல சார் ஏறுறது?"

"ஏம்மா, ஏணிய வச்சிட்டுப் போ!"

அவள் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள். "கமிட்டியில பேசி ஒண்ணு வாங்கிக்கங்க சார்!"